விதை எடுக்கும் முன் அந்தச் செடியின் வாழ்க்கையை விசாரியுங்கள்

மலையகத்தில் காட்டு மரக் கன்று வளர்ப்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஓடைக் கரைகளிலும், மண் சரிந்த இடங்களிலும், யூக்கலிப்டஸ் வெட்டிய மொட்டைச் சரிவுகளிலும் இந்த மலைக்கே உரிய மரங்களை வைக்க வேண்டும் என்ற எண்ணம் தோட்டங்களுக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் போகிற இடமெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. "விதை எங்கே எடுத்தீங்க?" "ரோட்டோரத்துல ஒரு பெரிய மரம் நிக்குது, அதுக்கு அடியில."

மரம் நல்ல மரமாகவே இருக்கும். இனமும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு சாக்கு விதையும் ஒரே தாயுடையது. அந்த ஆயிரம் கன்றையும் ஒரு சரிவில் வைத்தால் வெளியிலிருந்து பார்க்கக் காடு போலத் தெரியும். உள்ளே அத்தனையும் உடன்பிறப்புகள். அவை வளர்ந்து பூத்தால் அடுத்த தலைமுறை விதை அண்ணன் தங்கைக்குள்ளேயே உண்டாகும். எந்தச் செடிக்கு இது பெரிய ஆபத்து, எதற்குச் சின்ன ஆபத்து என்பது அந்தச் செடி எப்படி வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பேராதனையில் தாவரவியல் படித்துவிட்டு, மலைச் செடிகளின் மரபுக் கட்டமைப்பை ஆராய்பவர்களுக்கு இலை சேகரித்துக் கொடுக்கும் வேலையைப் பல வருஷம் செய்தேன். இப்போது எங்கள் லயத்துப் பெண்கள் சிலருடன் சேர்ந்து சின்ன நாற்றுமேடை ஒன்றை நடத்துகிறேன்.

மரபு வேறுபாடு என்றால் என்ன என்று அந்தப் பெண்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கொழுந்து எடுத்துப் பழகிய கைக்கு அது தெரியும். எங்கள் தோட்டத்தில் பழைய விதைத் தேயிலை மலை ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் ஒரு நிரையில் நடந்தாலே போதும். ஒரு செடியின் இலை அகலமாக, வெளிர்ப்பச்சையாக இருக்கும். அடுத்தது ஒடுங்கிக் கறுத்திருக்கும். ஒன்று மழை விழுந்த உடனே கொழுந்து விடும், பக்கத்தில் உள்ளது இன்னும் ஒரு வாரம் கேட்கும். எங்கள் மேடையில் மூத்தவரான அக்கா ஒருவர் சொன்னார்: "இந்த மலையில ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம் இருக்கு. வீபி மலைக்குப் போனா அப்படி இல்ல புள்ள, ஒன்னப் பாத்தா எல்லாத்தையும் பாத்த மாதிரி."

அவர் சொன்னதற்குக் காரணம் செடியின் இனப்பெருக்கத்தில் இருக்கிறது. தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு செடியின் மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்தால்தான் ஒழுங்காக விதை பிடிக்கும். அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலவை. வீபி தேயிலை அப்படி இல்லை. ஒரு இலையும் ஒரு கணுவும் வைத்து வெட்டிய துண்டை வேர்விட வைத்து நட்டது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டிஆர்ஐ 2025 போன்ற ஒரு வகையை மலை முழுக்க வைத்தால், மரபின் கணக்கில் அந்த மலை முழுவதும் ஒரே செடிதான். 1946-ல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தபோது இங்கே இருந்தவை பெரும்பாலும் விதைத் தேயிலை மலைகள். அவற்றில் ஒரு செடி கடுமையாக வாங்கும், அடுத்தது ஓரளவு தாங்கும். ஒரே வகை நட்ட மலையில் அது தாங்கினால் எல்லாம் தாங்கும், விழுந்தால் எல்லாம் விழும்.

கோப்பி இன்னொரு விதம். நம் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் அரபிகா கோப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். விதையில் முளைத்தாலும் பிள்ளை பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். உலகத்தில் பரவிய அரபிகா மிகக் குறைந்த செடிகளின் வழியில் வந்தது என்பதும் சேர்ந்தால், மலை மலையாக நட்டிருந்த கோப்பிக்குள் எவ்வளவு குறைந்த வேறுபாடு இருந்திருக்கும் என்று பாருங்கள். 1869-ல் துரு நோய் கண்டபோது அந்தப் பயிர் நிற்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் முன்னோர் எந்தப் பயிருக்காகக் கூட்டிவரப்பட்டார்களோ அந்தப் பயிரே ஒரு தலைமுறைக்குள் இல்லாமல் போனது.

காட்டுச் செடிக்கும் இதே கணக்குத்தான். 1989-ல் ஹாம்ரிக், கோட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை உலகெங்கும் ஆராய்ந்திருந்த நூற்றுக்கணக்கான தாவர இனங்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு இனத்தின் மொத்த வேறுபாட்டில் எவ்வளவு இடத்துக்கு இடம் பிரிந்து கிடக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. தன் மகரந்தத்தால் காய்க்கும் செடிகளில் அது ஏறக்குறைய 50 சதவீதம். பூச்சியோ பறவையோ மகரந்தம் கொண்டுபோகும், பிற செடியோடு கலக்கும் இனங்களில் 20 சதவீதம். காற்றில் மகரந்தம் போகும் இனங்களில் 10 சதவீதம். தன்னோடு தானே கலக்கும் செடிக்கு ஒவ்வொரு இடமும் தனி ஊர். எங்கும் கலக்கும் மரத்துக்கு, ஒரு காட்டுத் துண்டுக்குள்ளேயே இனத்தின் பெரும்பகுதி வேறுபாடு இருக்கும்.

நான் இலை சேகரிக்கப் போன நாட்களில் கற்ற மிக முக்கியமான விஷயம், செடியின் மரபு இரண்டு பாதையில் பயணம் செய்கிறது என்பது. ஒன்று மகரந்தம், மற்றது விதை. மகரந்தம் தகப்பன் பங்கை மட்டும் கொண்டுபோகும். விதை தாய், தகப்பன் இருவருடையதையும் சுமக்கும். பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிக்குள் இருக்கும் டிஎன்ஏ தாய்வழியாக மட்டுமே பிள்ளைக்கு வரும். ஆகவே பச்சையவுருமணி டிஎன்ஏயைப் பார்த்தால் விதை எவ்வளவு தூரம் போனது என்று தெரியும். உட்கருவின் டிஎன்ஏயைப் பார்த்தால் மகரந்தமும் சேர்ந்து எவ்வளவு போனது என்று தெரியும். விதை பக்கத்திலேயே விழுந்து, மகரந்தம் தூரம் போகும் மரத்தில் இந்த இரண்டு படமும் வேறுவேறாக வரும். ஆய்வுகூடம் இல்லாதவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்: இந்தப் பூவுக்கு யார் வருகிறார்கள்? இந்தப் பழத்தை யார் தின்று எங்கே போடுகிறார்கள்?

நெலுவை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சியின் உறவு, ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினம். இலங்கையில் ஏறக்குறைய 30 இனங்கள் உண்டு. மலைக்காட்டின் அடித்தளத்தை ஆள் உயரத்துக்கு அடைத்துக்கொண்டு நிற்பது அநேகமாக இதுதான். இவற்றில் பல இனங்கள் வருஷக்கணக்கில் இலையும் தண்டுமாக மட்டும் வளரும். சில இனங்கள் 12 வருஷம் வரைக்கும் காத்திருக்கும். பிறகு மலை முழுவதும் ஒரே பருவத்தில் பூத்து, விதை போட்டு, எல்லாம் செத்துவிடும். பூத்த வருஷம் காட்டுக்குள் நின்றால் தேனீச் சத்தம் காதை நிறைக்கும். அதற்குப் பிறகு வரும் மாதங்களில் காட்டுக்கோழி கூடும். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "சேவல் சத்தம் கூடிருச்சின்னா நெலு கொட்டிருச்சின்னு அர்த்தம், பாப்பா. அது வர முந்தி நீ போயிரு."

அவர் சொன்னது விதை சேகரிப்பவர்களுக்கு வேதவாக்கு. நெலுக் காய் காய்ந்ததும் பட்டென்று வெடித்து விதையை எறியும். காய்ந்த காய் ஒன்றைக் கையில் வைத்து லேசாக ஈரம் பட வைத்தால் உள்ளங்கையிலேயே வெடிப்பதைப் பார்க்கலாம். இரண்டாகப் பிளந்த ஓட்டுக்குள் சின்னக் கொக்கிகள் இருக்கும்; விதையை எறிவதற்குத் துணை செய்பவை அவைதான். ஆனால் அந்த எறி சில அடி தூரத்துக்குத்தான். கோழி தின்ற விதையும் அதன் இரைப்பையில் அரைபட்டுப் போகும். எனவே நெலுவின் விதை தாயை விட்டு அதிக தூரம் போவதில்லை. தூரம் போவது தேனீ சுமக்கும் மகரந்தம்தான்.

இதிலிருந்து வருவதைக் கவனியுங்கள். நெலுக் காட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் செடிகள் நெருங்கிய சொந்தமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அதைவிட முக்கியம், எல்லாமே ஒரே வயது. சாதாரண மரக்காட்டில் கிழமரம், நடுவயது, கன்று என்று பல தலைமுறை ஒன்றாக நிற்கும். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். நெலுவில் அந்தச் சேமிப்பு இல்லை. பூக்கும் வருஷத்துக்குச் சற்று முன்னால் ஒரு சரிவை வெட்டினால் அல்லது அங்கே தீ போனால், அங்கே காத்திருந்த அத்தனை வருஷமும் அதோடு போனது. எங்கோ ஒரு செடி தவறிய வருஷத்தில் தனியாகப் பூத்து நின்றால், அதைப் பார்த்து ஓடிப்போய் விதை எடுக்காதீர்கள். அதற்குச் சோடி கிடைத்திருக்காது. கிடைத்த விதையும் குறுகிய கலவையாக இருக்கும். மலை முழுவதும் பூக்கும் வருஷம் வரைக்கும் பொறுங்கள். அந்த வருஷத்தில் மட்டும் பல ஓடைகளுக்கு, பல முகடுகளுக்குப் போய், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

கீனா மரம் வேறு. கலோஃபில்லம் வால்கெரி என்று தாவரவியலில் சொல்லும் இந்த மரம் இலங்கையில் மட்டும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளிக் காட்டின் மேற்பரப்பு புதுத்தளிர்க் காலத்தில் சிவப்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட ஆயுள், மெதுவான வளர்ச்சி, வெள்ளைப் பூ, கையில் எடுத்தால் கனம் தெரியும் ஒற்றை விதை. பெரும்பகுதி விதை மரத்தடியிலேயே விழும். ஆகவே ஒரு கீனாவுக்கு அடியில் முளைத்து நிற்கும் நாற்றுக்களைப் பிடுங்கிப் பையில் வைப்பது மிகச் சுலபம். மிகக் குறுகிய மரபை எடுப்பதும் அதுவே. அதே காட்டில் நிற்கும் சிசிஜியம் மரங்கள், நம் நாவலின் உறவுகள், சின்னச் சதைப் பழம் போடும். கொண்டைக்குருவியும் காட்டுப்புறாவும் தின்று வேறெங்கோ எச்சமிடும். அப்படிப்பட்ட மரத்தில் பக்கத்துப் பக்கத்து மரங்கள்கூட வேறுவேறு தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். ஒரே மூடுபனி, ஒரே மண், ஆனால் கீனாவுக்கு விதை எடுக்கும்போது நான் அதிக தூரம் நடப்பேன், சிசிஜியத்துக்குக் குறைவாக நடப்பேன்.

1970-களின் இறுதியிலிருந்து ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போவதை மக்கள் பார்த்து வருகிறார்கள். கீனாவும் சிசிஜியமும் அதில் அடிபட்டவை. அப்படிப்பட்ட காட்டுக்குள் நிற்கும்போது நான் பார்ப்பது, பட்ட மரத்துக்குப் பக்கத்தில் பச்சையாக நிற்கும் மரத்தை. அது ஏன் நிற்கிறது என்பதற்கு மண், தண்ணீர், வயது என்று பல காரணங்கள் இருக்கலாம். மரபும் அதில் ஒன்றாக இருக்க இடமுண்டு. எது தாங்கும் என்று முன்கூட்டியே தெரியாத நிலையில், பல தாய்களை எடுத்து வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மகா ரத்மல் என்று சிங்களத்தில் சொல்லும் சிவப்பு ரோடோடென்ட்ரன் பற்றியும் சொல்ல வேண்டும். இமயமலையில் ஒரு வகை, நீலகிரியில் ஒரு வகை, நம் மலையில் ஒரு வகை என்று, இடையில் எங்கும் இல்லாமல், ரோடோடென்ட்ரன் ஆர்போரியம் சிதறிக் கிடக்கிறது. ஏறக்குறைய 20,000 வருஷத்துக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை தரையாக இருந்தது. சமவெளிகளும் இன்றையதைவிடக் குளிர்ந்திருந்தன. பிறகு சூடேற, குளிர் வேண்டும் செடிகள் மலை உச்சிகளில் ஒதுங்கின. ஹோர்ட்டன் சமவெளியின் சேற்றுப் படுகையில் 24,000 வருஷ அளவுக்கு மகரந்தம் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. மழை கூடியதும் குறைந்ததும் அதில் தெரிகிறது. ரோடோடென்ட்ரன் விதை தூசி போலப் பொடியானது, காற்றில் போகும். பத்தனை எனப்படும் மலைப் புல்வெளி தீப்பிடித்தாலும் தாய்மரம் தடித்த பட்டையோடு தப்பித்து நிற்கும். இதை நடுவதற்கு ஒரு குறிப்பு: விதையை மண்ணால் மூடாதீர்கள். ஈரப்பாசியின் மேல் தூவி, வெளிச்சம் பட விட்டால்தான் முளைக்கும். அலங்காரத்துக்கு விற்கும் கலப்பின ரோடோடென்ட்ரன்களைக் காட்டோரத்தில் வைக்காதீர்கள். அவற்றின் மகரந்தத்தைப் பறவையும் பூச்சியும் மலைமரத்துக்குக் கொண்டுபோகும்.

செடியின் வாழ்க்கை ஒருபக்கம், மலையின் அமைப்பு இன்னொருபக்கம். நம் மலைநாடு ஒரே மேடு போலப் படத்தில் தெரிந்தாலும் செடிக்கு அப்படி இல்லை. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் நுவரெலியா மலைகளுக்கும் இடையில் மகாவலிப் பள்ளத்தாக்கு தாழ்ந்து, சூடாக, காய்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தைப் புறா தாண்டும். தேனீ தாண்டுவது கஷ்டம். வெடித்து எறியும் விதை தாண்டவே தாண்டாது. விலங்குகளிலேயே இதன் விளைவைப் பார்க்கலாம். மத்திய மலைகளில் இருக்கும் கோபோட்டிஸ் என்ற ஓணானின் நக்கிள்ஸ் உறவு தனி இனம் என்று 2006-ல் விவரிக்கப்பட்டது. சமவெளிக் காட்டின் நடுவில் 766 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் ரிட்டிகலையில், பினர எனப்படும் நீலப்பூச்செடியான எக்ஸகம் டிரைநெர்வியத்துக்குத் தனி உபஇனமே இருக்கிறது. பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளராக 1896 முதல் 1912 வரை இருந்த வில்லிஸ், இலங்கையின் மலைச் செடிகளைப் பார்த்து, ஒரு இனம் எவ்வளவு பரந்திருக்கிறது என்பது அதன் வயதைப் பொறுத்தது என்று வாதிட்டார். மலை மலையாக நடந்த பிறகு எனக்குத் தோன்றுவது, வயதைவிட அதன் விதையைச் சுமப்பவர் யார் என்று முதலில் கேட்டிருக்கலாம்.

மழையும் ஒரு வேலி. தென்மேல் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஊவாவில் கச்சான் காற்று காய வைக்கும். அதனால்தான் ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், திம்புள்ளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். இது தேயிலைக்கு மட்டும் உள்ளதல்ல. ஒரு முகட்டின் இரண்டு பக்கத்தில் நிற்கும் ஒரே இனம் வேறுவேறு வாரங்களில் பூத்தால், தூரம் சில கிலோமீட்டர்தான் என்றாலும் மகரந்தம் பரிமாற வழியில்லை. உயரமும் அப்படித்தான்; 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குளிர்கிறது, பூக்கும் காலம் தள்ளிப்போகிறது. ஒரு முறை ஒரு அமைப்பு எங்கள் ஓடைக்கரைக்கு ஒரு லொறி கன்று கொண்டுவந்து தந்தது. எல்லாம் நம் நாட்டு இனங்கள்தான், ஆனால் விதை எடுத்ததும் வளர்த்ததும் மிகத் தாழ்ந்த இடத்தில். அந்த வருஷம் உறைபனி விழுந்தபோது தேயிலைக் கொழுந்தோடு சேர்ந்து அவையும் கருகின. பக்கத்துக் காட்டு விதையில் நாங்கள் வளர்த்த அதே இனக் கன்று நுனி மட்டும் கருகி, மறுபடி துளிர்த்தது. அன்றிலிருந்து எங்களிடம் கன்று கேட்பவரிடம், எவ்வளவு உயரத்தில், எந்த மழைப் பக்கத்தில் நடப் போகிறார் என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

அப்புறம் காலம். 1830-கள் முதல் கோப்பிக்காகக் காடு வெட்டினார்கள். 1873-ல் ஜோசப் ஹூக்கர் 5000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டாமல் வைக்கச் சொன்னது இன்று நமக்கு மிஞ்சியிருக்கும் உயர்காட்டுக்கு ஒரு பெரிய காரணம். அதற்குக் கீழே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியது. இந்த ஒன்றரை நூற்றாண்டு நெலுவுக்குப் பத்துப் பன்னிரண்டு தலைமுறை. கீனாவுக்கு இரண்டோ மூன்றோ தலைமுறைதான். காடு துண்டானதன் விளைவு நெலுவில் ஏற்கெனவே விழுந்திருக்கலாம். கீனாவில் நிற்கும் கிழமரம் துண்டாவதற்கு முந்திய காட்டின் பிள்ளையாகவே இருக்கலாம்; அதன் மரபு இன்னும் வளமானது. இழப்பு தெரிவது அந்தத் துண்டுக்குள் இன்று முளைக்கும் நாற்றில். சிங்கராஜப் பகுதியில் ஷோரியா மரங்களை ஆராய்ந்தபோது, மரம் வெட்டிய காட்டில் தனித்து நின்ற மரங்களின் விதையில் தன் மகரந்தச் சேர்க்கை கூடியிருந்தது. ஆகவே தேயிலைக்கு நடுவில் ஒற்றையாக நிற்கும் பெரிய மரத்தின் விதை, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், எனக்குக் கடைசித் தெரிவு. கிழமரங்கள் கூட்டமாக நிற்கும் துண்டுதான் முதல் தெரிவு.

சரி, எத்தனை தாய் வேண்டும்? 1975-ல் மார்ஷல், பிரவுன் இருவரும் போட்ட கணக்கு இன்றும் விதை வங்கிகளுக்கு அடிப்படை. ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருக்கும் மரபு வடிவங்கள் கூட நம் சேகரிப்பில் ஒரு பிரதியாவது இருக்க, 95 சதவீத உறுதி வேண்டுமானால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 59 பிரதிகள் போதும். கலந்து காய்க்கும் செடி ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி இருப்பதால், அது ஏறக்குறைய 30 செடி. மலையில் 30 தாய் கிடைப்பது எப்போதும் நடக்காது. கிடைக்கும் அளவுக்கு எடுங்கள், ஆனால் ஒவ்வொரு தாயிலும் சம அளவு எடுங்கள். ஒரு மரத்தில் ஒரு வாளியும் மற்றதில் ஒரு பிடியும் எடுத்துக் கலந்தால் மறுபடியும் ஒரே தாயின் காடுதான். தன் மகரந்தத்தால் காய்க்கும் செடியென்றால் கணக்கு மாறும்: ஒரு இடத்தில் சில செடி போதும், இடங்கள் நிறைய வேண்டும்.

மரத்துக்கும் மரத்துக்கும் 50 மீட்டராவது விடுகிறோம், கீனாவில் அதற்கும் மேல். ஓடையோரச் சின்ன மூங்கில் போல வேரால் பரவும் செடியென்றால் இன்னும் தள்ளிப்போக வேண்டும். நூறு தண்டு நின்றாலும் ஒரே செடியாக இருக்கலாம். கீழே விழுந்ததைப் பொறுக்காமல் தொரட்டியால் மரத்திலிருந்தே எடுக்கிறோம், ஏனென்றால் பறவை உட்காரும் மரத்தடியில் கிடப்பது வேறு மரத்து விதையாக இருக்கலாம். முதலில் பழுத்ததிலும் கடைசியில் பழுத்ததிலும் கொஞ்சம் எடுங்கள். சீக்கிரம் பூப்பதும் தாமதமாகப் பூப்பதும் மரபோடு சம்பந்தப்பட்டவை. எந்த மரத்தையும் மொட்டையடிக்காதீர்கள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்காதீர்கள். கீனா போன்ற கனத்த விதையை வெயிலில் காய வைத்தால் செத்துவிடும். ஈரப்பாசியில் பொதிந்து வந்து உடனே விதைக்க வேண்டும்.

ஆய்வுக்கு இலை எடுக்கப் போகும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதிர்ந்த இலையை விட்டு, பூச்சி அரிக்காத இளம் இலையை எடுங்கள். நம் மலை மூடுபனியில் இலை தானாகக் காயவே காயாது, கறுத்துவிடும். சின்னதாகக் கிழித்துத் தேயிலைப் பை போன்ற மெல்லிய தாளில் வைத்து, சிலிக்கா ஜெல் நிறைய உள்ள பைக்குள் அன்றைக்கே போடுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் வேறு மாற்றுங்கள். கீனா இலையைக் கிள்ளினால் பால் வடியும், அதைத் துடைத்துவிட்டு வையுங்கள். பையின் மேல் எண் எழுதுவது பென்சிலால் இருக்கட்டும், பேனா மை ஈரத்தில் கரைந்துபோகும். அனுமதி இல்லாமல் ஒரு இலைகூட எடுக்காதீர்கள்: ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும், மற்ற ஒதுக்கக் காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம், தோட்டத்துக்குள் இருக்கும் காட்டுத் துண்டுக்குத் தோட்ட நிர்வாகம். கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் எங்கள் மேடைக்கு அதிக விதை கிடைத்திருக்கிறது.

எங்கள் மேடையில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு எண் உண்டு. அக்காமார் அதைத் தாய்ப் புத்தகம் என்கிறார்கள்: எந்த மரம், எந்த ஓடை, எவ்வளவு உயரம், எந்த மாதம், எத்தனை முளைத்தது. ஒவ்வொரு தாயின் பைகளுக்கும் ஒரு நிறக் கம்பளி நூல். ஏற்றும் நாளில் நிறங்களைக் கலந்து அடுக்குவோம். இல்லாவிட்டால் பெட்டியில் இருந்த வரிசையிலேயே நடுவார்கள், ஒரு தாயின் பிள்ளைகள் எல்லாம் ஒரே மூலையில் போய்ச் சேரும். சரிவில் நடும்போது அடுத்தடுத்த இரண்டு குழியில் ஒரே நிறம் வரக்கூடாது என்பது ஒன்றுதான் நாங்கள் சொல்லும் விதி. செத்த கன்றுக்குப் பதில் வைக்கும்போதும் சுற்றியுள்ள நிறத்தைப் பார்த்துவிட்டு, அங்கே இல்லாத நிறத்தை வைக்கிறோம்.